வால்வில் தொங்கிய சாவி

என் அண்ணி பாய்மரப் படகு வாங்கப் போகிறார் என்று தெரிந்த அன்றே அவருடைய கடைக்குப் போய் நேராகச் சொல்லிவிட்டேன்: "அண்ணி, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

அவர் தையல் மெஷினில் ஒரு சோபா உறையை ஓட்டிக்கொண்டிருந்தார். மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. "இருக்கலாம்," என்றார். "அந்த ஊசி டப்பாவை இப்படித் தள்ளு."

சண்டைக்கு வந்தவளிடம் இப்படி 'இருக்கலாம்' என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு என்ன பேசுவது? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி என்னை இப்படித்தான் சமாளித்து வருகிறார். நாத்தனார் என்ற பதவிக்குரிய மரியாதையை நான் அந்த வீட்டில் ஒரு நாளும் கண்டதில்லை.

அண்ணியுடையது திரைச்சீலையும் சோபா உறையும் தைக்கும் கடை. துறைமுகத்திலிருந்து ஏறும் தெருவில், பெயின்ட் கடைக்கு மேல் முதல் மாடி. ஜன்னலில் நின்றால் படகுத்துறை தெரியும், அதற்கப்பால் விரிகுடா, அதற்கும் அப்பால் தட்டையாக ஒரு தீவு. கனத்த துணியைத் தைக்கிற மெஷின் அந்தப் பக்கத்தில் அவரிடம்தான் இருந்தது. அதனால் படகுக்காரர்கள் கிழிந்த பாயைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறி வர ஆரம்பித்தார்கள். மேஜை நாற்காலியையெல்லாம் ஓரம் கட்டிவிட்டுத் தரை முழுக்கப் பாயை விரித்து, அதன்மேலேயே மண்டிபோட்டுத் தைப்பார். தைத்த பாய் தீவுக்குப் போவதையும் திரும்பி வருவதையும் ஜன்னலிலிருந்து பார்த்துப் பார்த்து அவருக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

"நான் தெச்ச துணியெல்லாம் அங்க போயிட்டு வந்திருச்சு. நான்தான் போகல," என்றார்.

"அதுக்குத்தான் பயணிகள் கப்பல் போகுதே அண்ணி?"

"கப்பல்ல போனா கப்பல்காரன் போன மாதிரி. நான் போன மாதிரி ஆகுமா?"

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மாடி மாடியாக இறங்கும் இருட்டுக் குழிக்குள் இரும்புக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று விசிலடித்துக்கொண்டே வேலை செய்கிறவன். ஆனால் தண்ணீர் என்றால் பக்கெட்டோடு சரி. நீச்சல் தெரியாது. படகில் கால் வைத்தால் வயிறு புரட்டும். "நீ வாங்கு, நீ ஓட்டு, என்ன வேணா பண்ணு. தலைகீழா நின்னாலும் நான் அதுல ஏற மாட்டேன்," என்று சொல்லிவிட்டான். வீட்டில் சொன்னது போதாதென்று லிஃப்டில் அவனோடு மாட்டிக்கொண்டவர்களிடமெல்லாம் சொன்னான்.

படகு பார்க்க அண்ணி என்னைத்தான் கூட்டிப்போனார். முதலில் பார்த்த படகு கண்ணாடி மாதிரி மின்னியது. எனக்குப் பிடித்துவிட்டது. அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு மேல்தளம் முழுக்கக் குதிகாலால் அழுத்தி அழுத்தி நடந்தார். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனார். 'டக் டக்' என்று வந்துகொண்டிருந்த சத்தம் பாய்மரத்தின் அடியில் 'பொத்' என்று விழுந்தது. உள்ளே தண்ணீர் இறங்கி மரம் ஊறிப்போயிருக்கிறது என்று அர்த்தமாம். "விக்கறதுக்கு முன்னாடி புது பெயின்ட் அடிக்கிறவன் எதையோ மூடுறான்," என்று வெளியே வந்ததும் சொன்னார்.

கடைசியில் அவர் வாங்கிய படகு சின்னது, அழுக்கு, கதவைத் திறந்தால் பூஞ்சை வாடை மூக்கைத் துளைத்தது. நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவரோ ஒவ்வொரு அலமாரிக்குள்ளும் தலையை விட்டு மோந்து பார்த்துவிட்டு, "நாத்தம் மெத்தையோடது, படகோடது இல்ல. மெத்தை என் தொழில்," என்றார். கையிலிருந்ததில் பாதிக்குத்தான் படகு வாங்கினார். மீதிப் பாதி கயிறு, பேட்டரி, நங்கூரச் சங்கிலி என்று முதல் வருடத்திலேயே கரைந்தது. கரையும் என்று தெரிந்தே ஒதுக்கி வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மனுஷர் உட்கார இடமில்லாமல் போயிற்று. பாயை ஈரத்தோடு மடித்து வைக்கக் கூடாது, பூஞ்சை பிடிக்கும் என்று கூடத்தில் கதவுக்குக் கதவு கட்டிக் காயப்போட்டிருப்பார். அண்ணனும் நானும் அதற்கடியில் குனிந்து குனிந்து நடந்து டீ குடிக்கப் போவோம். குளியலறையில் கயிறுகள் சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். உப்பு உள்ளே தங்கினால் கயிறு விறைத்துப்போய்க் கையை அறுக்குமாம். வெயிலில் துணிக்கு முன்னால் நூல்தான் செத்துப்போகும் என்று எல்லாத் தையலையும் நகத்தால் கீறிப் பார்ப்பார். நகத்தோடு நூல் வந்துவிட்டால் அன்றே மெஷினுக்குப் போகும். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். லைஃப் ஜாக்கெட்டை ஊதவைக்கிற சின்ன கேஸ் குப்பிகளைக் கழற்றிக்கொண்டு எங்கள் கடைக்கே வந்துவிடுவார். அதன்மேல் எழுதியிருக்கிற எடை இருக்கிறதா என்று எங்கள் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் என்னைத்தான் முறைப்பார்கள்.

எஞ்சின்தான் அண்ணனை மெல்ல உள்ளே இழுத்தது. ஒருநாள் துறையில் நின்றுகொண்டு அதன் சத்தத்தைக் கேட்டவன் முகத்தைச் சுளித்தான். "இதை இப்படி வெச்சிருந்தவனை உதைக்கணும்," என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினான். அதிலிருந்து படகு கட்டிக் கிடக்கிற நாளில் மட்டும் வருவான். எண்ணெய் மாற்றுவான், ஃபில்டர் மாற்றுவான். கயிற்றை அவிழ்க்க அண்ணி எழுந்தால் இவன் கரைக்குத் தாவிவிடுவான்.

அந்தப் படகில் அண்ணி வைத்திருந்த ஒரு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். எஞ்சினைக் குளிரவைக்கக் கடல்தண்ணீர் வேண்டும். அதற்காகப் படகின் அடியில் ஓர் ஓட்டை, அதன்மேல் ஒரு வால்வு, அதிலிருந்து எஞ்சினுக்கு ரப்பர் குழாய். குழாய் வெடித்தால் படகு மூழ்கும். அதனால் படகை விட்டு இறங்கும்போதெல்லாம் வால்வை மூட வேண்டும். குழாயே கழன்றுவிட்டால் அடிக்க, கூம்பாகச் செதுக்கிய மரக்கட்டை ஒன்றையும் அங்கேயே கயிற்றில் கட்டி வைத்திருப்பார். சரி, மூடுவது சுலபம். அடுத்த முறை திறக்க மறந்து எஞ்சினைப் போட்டால் தண்ணீர் வராமல் அது வெந்து போகும். மறக்காமலிருக்க அண்ணி என்ன செய்வார் தெரியுமா? வால்வை மூடினதும் எஞ்சின் சாவியை அதன் கைப்பிடியிலேயே மாட்டிவிடுவார். சாவி வேண்டுமென்றால் வால்வுக்குத்தான் போக வேண்டும். போகிற கை அதைத் திறந்துவிட்டுத்தான் சாவியை எடுக்கும். பாய் விரித்து ஓடும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவியை நாடாவில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார். யாரோ ஒரு நண்பருடைய முட்டி இடித்து ஒரு சாவி சுவிட்சுக்குள்ளேயே முறிந்த அனுபவம்.

தீவு மட்டும் எட்டாமலே இருந்தது. விரிகுடாவைத் தாண்ட வேண்டுமென்றால் ஓட்டுகிறவரோடு இன்னொருவர் இருந்தாக வேண்டும் என்பது துறைமுக அலுவலகத்தின் விதி. துறையில் கூப்பிட்டால் வருகிறவர்கள் எத்தனையோ பேர். நானே கேட்டேன், யாரையாவது கூட்டிக்கொண்டு போய்வந்தால் என்ன என்று.

"வேற யார் கூடவோ போறதுக்கா வாங்கினேன்?" என்றார். சொன்னது அவ்வளவுதான். ஆனால் அன்று அவர் கையிலிருந்த துணி கோணலாக ஓடியது. அதுவரை அவர் கையில் தையல் கோணி நான் பார்த்ததில்லை.

அதை அண்ணனிடம் போய்ச் சொன்னேன். நாத்தனார் என்றால் மூட்டிவிட மட்டும்தானா? சில மாதம் அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள் மருந்துக்கடைக்கு வந்து, பக்கத்தில் ஆள் இல்லாதபோது, வாந்தி வராமலிருக்க மாத்திரை கேட்டான்.

முதல் தடவை விரிகுடாவுக்குள்ளேயே ஒரு சுற்று என்று முடிவாயிற்று. தைரியத்துக்கு நானும் போனேன். காற்று மிதமாகப் பக்கவாட்டில் அடித்தது. நல்ல வெயில். அண்ணி முன்பக்கம் போய்க் கட்டுக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் சுக்கானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பரீட்சை எழுத வந்தவன் மாதிரி உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எஞ்சினைப் போடட்டுமா?" என்று கத்தினான்.

"போடுங்க!"

எஞ்சின் முதல் முறையிலேயே பிடித்தது. அண்ணி வந்து சுக்கானை வாங்கிக்கொண்டார். துறைக்கு வெளியே போகிற வழி இரண்டு கல்சுவருக்கு நடுவே ஒரு சந்து. அதன் வாயை நெருங்கும்போது ரப்பர் கருகுகிற வாடை வந்தது. எஞ்சின் சூடானால் அலறுகிற மணி அலறத் தொடங்கியது. அண்ணி உடனே எஞ்சினை நிறுத்திவிட்டார். எதிரே பயணிகள் கப்பல் சந்துக்குள் நுழையத் திரும்பிக்கொண்டிருந்தது. அது ஒரு தடவை ஊதியது.

எஞ்சினை நம்பித் துறையை விட்டுக் கிளம்பக் கூடாது என்று அண்ணி எப்போதும் சொல்வார். பாயின் கட்டுகளை அவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கயிற்றையே தொடுவார். அன்றைக்கும் அவிழ்த்திருந்தார். ஒரு கயிற்றை இழுத்தார், சுருட்டியிருந்த முன்பாய் திரைச்சீலை மாதிரி விரிந்தது. காற்று பிடித்ததும் படகு சாய்ந்துகொண்டு சுவரின் ஓரமாகவே வெளியேறியது. கப்பல் எங்களைத் தாண்டியபோது மேல்தட்டில் ஒரு குழந்தை டாட்டா காட்டியது. பதிலுக்குக் கை தூக்க எங்களில் யாருக்கும் தெம்பில்லை.

சுவருக்கு வெளியே, காற்று மறைவான இடத்தில் நங்கூரம் போட்டார். பிறகு கீழே போய்ப் பார்த்தார். நானும் பின்னாலேயே எட்டிப் பார்த்தேன். வால்வு மூடியிருந்தது. அதன் கைப்பிடியில் சாவி அமைதியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணி மேலே வந்து சுவிட்சைப் பார்த்தார். அதிலும் ஒரு சாவி. லிஃப்ட் சாவிகளின் கொத்து அதோடு ஆடிக்கொண்டிருந்தது.

"இது எது?"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. "டூப்ளிகேட்."

"எப்ப போட்டீங்க?"

"நீ படகு வாங்கின வருஷமே."

நான் பிடித்துக்கொண்டேன். "உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா? ஒரு மெக்கானிக் செய்யுற வேலையா இது? கப்பல்காரன் கொஞ்சம் அசந்திருந்தா மூணு பேரும் இன்னேரம்..." என்று ஆரம்பித்தவளை அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார். "தப்பு என்மேலயும் இருக்கு. எஞ்சின் போட்டா பின்னாடி தண்ணி கக்குதான்னு எட்டிப் பாக்கணும். சாவி இருக்குங்கற நம்பிக்கையில அதை எப்பவோ விட்டுட்டேன். அவர் முதல்ல எஞ்சினைப் பாக்கட்டும்."

தண்ணீரை உறிஞ்சித் தள்ளும் ரப்பர் சக்கரம் சிதைந்துபோயிருந்தது. மாற்றுச் சக்கரம் ஒன்று எப்போதும் படகில் இருக்கும். அண்ணன் எஞ்சின் பெட்டிக்குள் தலையை விட்டுப் பழையதைக் கழற்றினான். நங்கூரத்தில் நின்ற படகு அசைந்துகொண்டே இருந்தது. நடுநடுவே பக்கெட்டைத் தேடி வாந்தியெடுத்துவிட்டு மறுபடி உள்ளே போனான். உடைந்த ரப்பர் துண்டுகளை ஒரு தட்டில் அடுக்கி, பழைய சக்கரத்தோடு பொருத்திப் பார்த்தான். ஒரு துண்டு குறைந்தது. அது குழாயில் எங்கேயாவது அடைத்துக்கொண்டு கிடந்தால் புதுச் சக்கரமும் போய்விடும். குழாயைக் கழற்றித் தேடிக்கொண்டிருக்கும்போது, தலையை வெளியே எடுக்காமலே பேசினான்.

"நீ சாவியைக் கழுத்துல மாட்டிக்கிட்டு அங்கயும் இங்கயும் நடக்கறே. துறையிலேருந்து பாத்துட்டுதானே இருக்கேன். நீ விழுந்துட்டா சாவியும் உன்கூடவே போயிரும். நான் எதை வெச்சு ஸ்டார்ட் பண்ணுவேன்? எனக்கு நீச்சல் தெரியாது. பாயும் தெரியாது. எஞ்சின் ஒண்ணுதான் தெரியும்."

"நீங்கதான் ஏறவே மாட்டேன்னீங்களே," என்றார் அண்ணி.

"சொன்னேன். என்னைக்காவது ஏறத்தானே போறேன்."

தலைகீழாக நின்றாலும் ஏறமாட்டேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன், அதே வருடம் யாருக்கும் தெரியாமல் சாவி போட்டு வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். திட்ட வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், தண்ணீர் பாட்டிலை எடுத்து அவன் பக்கம் நீட்டினேன்.

அண்ணி குனிந்து எஞ்சின் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நான் தண்ணியில கிடக்கறப்ப எஞ்சினைப் போட்டுக்கிட்டு பக்கத்துல வந்தீங்கன்னா, அடியில சுத்துற விசிறி என் காலை வெட்டிரும்."

உள்ளே ஸ்பானர் சத்தம் நின்றுவிட்டது.

"எஞ்சின் இல்லாம என்னை எடுக்கக் கத்துக்கங்க," என்றார். "அதுவரைக்கும் தீவு வேண்டாம்."

தொலைந்த ரப்பர் துண்டு குழாய் வளைவில் கிடைத்து, புதுச் சக்கரம் போட்டுத் துறைக்குத் திரும்பினோம். அடுத்த வாரம் அண்ணி ஒரு மெத்தை தைத்தார். ஆள் உயரம், சோபா ஸ்பாஞ்சுக்கு நடுவே தண்ணீர் நிறைத்த பாட்டில்கள், மேலே அவருடைய பழைய ஆரஞ்சு மழைக்கோட்டு. தண்ணீரில் போட்டால் முக்கால்வாசி முழுகி மிதக்கும். தூக்குகிறவர் கை கழன்றுவிடும். நான் அதற்குச் சின்ன அண்ணி என்று பேர் வைத்தேன். இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் கோர்த்து, விழுந்தாலும் மிதக்க ஒரு கார்க் கட்டையைச் சேர்த்து, சுவிட்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்தாயிற்று. பாய் ஓடும்போது இனிமேல் அங்கேதான் தொங்கும். கழுத்து நாடா குப்பைக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் விரிகுடாவில் இதே வேலை. அண்ணி மெத்தையை உருட்டித் தள்ளிவிட்டு "ஆள் விழுந்தாச்சு!" என்பார். யாராவது ஒருவர் கண்ணை எடுக்காமல் விழுந்த ஆளை நோக்கி விரலை நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு அலை மறைத்தால்கூடத் தலை தெரியாமல் போய்விடும். அந்த வேலை எனக்கு. அண்ணியை நோக்கி விரல் நீட்டுவது எனக்கொன்றும் புதிதில்லை.

அண்ணன் முதல் நாள் சின்ன அண்ணியின் மேலேயே படகை ஏற்றினான். அடுத்த வாரம் அவ்வளவு தூரம் தள்ளிப் போய்விட்டான், கொக்கிக் கழியோடு துடுப்பைச் சேர்த்துக் கட்டி நீட்டியும் எட்டவில்லை. படகுக்கு பிரேக் கிடையாது. விழுந்தவரைத் தாண்டிக் காற்று வீசிப் போகிற பக்கம், அதாவது கீழ்க்காற்றில் போய், அங்கிருந்து மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்பி, பாய் படபடவென்று அடிக்க, வேகம் செத்து வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. அவன் நெருங்கும்போதெல்லாம் பயத்தில் சீக்கிரமே திருப்பிவிடுவான், படகு எட்டாத தூரத்தில் நின்றுபோகும். வாந்தி மட்டும் நிற்கவில்லை. எடுத்துக்கொண்டே ஓட்டினான். சுக்கானை விடவில்லை. அதைப் பார்த்தபோது என் அண்ணன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது, நேரில் சொல்ல மாட்டேன்.

கடைசி ஞாயிறு மெத்தையைத் தள்ளிவிட்டதும் அண்ணி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "இவ தீவுக்கு வரமாட்டா. விரல் கிடையாது," என்றார். பிறகு பாய்மரத்தில் முதுகைச் சாய்த்து, எங்களுக்குப் புறம் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

"காத்து மாறிடுச்சா?" என்று கேட்டான் அண்ணன்.

"நான் தண்ணியில இருக்கேன். என்கிட்ட கேக்காதீங்க."

அவனுக்குக் கோபம் வந்தது. என்னைப் பார்த்தான். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஆரஞ்சு நிறம் அலைக்குப் பின்னால் போய் வந்துகொண்டிருந்தது. அவன் எழுந்து நின்றான். ஒரு கையில் சுக்கான், கண் மெத்தையை விட்டு நகரவில்லை. கீழ்க்காற்றுக்குப் போனான். இப்போது திருப்பிவிடுவான் என்று நினைத்தேன், திருப்பவில்லை. இன்னும் போனான். பிறகு திருப்பினான். பாய் படபடத்தது, படகு மெதுவாகி, மெதுவாகி, மெத்தை படகின் பக்கவாட்டில் வந்து முட்டி நின்றது. இடிக்கக்கூட இல்லை.

கொக்கிக் கழியால் மெத்தையை மாட்டிப் பிடித்தான். இதற்காகவே அண்ணி தைத்திருந்த பட்டையை மழைக்கோட்டின் கைகளுக்கடியில் கொடுத்து, பாயின் தண்டில் தொங்கிய கப்பிக் கயிற்றோடு மாட்டி, மூச்சிரைக்க இழுத்தான். அது ஒழுகிக்கொண்டு மேலே வந்து தளத்தில் விழுந்தது. அவனும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

அண்ணி எழுந்து வந்து சுக்கானைப் பிடித்தார். துறையை நோக்கித் திருப்பினார். அண்ணன் மெத்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு கழன்றிருந்த மழைக்கோட்டுப் பொத்தானை மாட்டினான்.

"கீழ வைங்க, ஈரமாயிடும்," என்றார் அண்ணி.

"இருக்கட்டும்."

அவன் சட்டை, கால்சட்டை எல்லாம் தெப்பலாக நனைந்துவிட்டது.

கல்சுவர் சந்துக்குள் நுழையும்போது அண்ணி கேட்டார்: "சனிக்கிழமை லீவு போட முடியுமா?"

"எதுக்கு?"

"தீவுக்குப் போகத்தான்."

அவன் தலையை ஆட்டினான். மெத்தையை அவன் மடியிலிருந்து இறக்கியது துறையில் கயிறு கட்டின பிறகுதான். அதுவும் அண்ணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்ட பிறகு.